நாவுக்கு முன் செவி

தாலாட்டு என்னும் சொல்லில் உள்ள 'தால்' நாவைக் குறிக்கும். தாயின் நா அசைகிறது, பிள்ளை கேட்கிறது. பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் குழந்தைப் பருவத்தைக் காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம் எனத் தொடங்கிப் பத்தாகப் பகுத்தனர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், இறைநேசச் செல்வர்கள் மீதும் நம் சமுதாயப் புலவர்கள் இயற்றிய பிள்ளைத்தமிழ் நூல்களும் உண்டு. அவற்றைப் பயின்றோர் ஒன்றைக் கவனித்திருக்கலாம். பேசுகிறவர் தாயாக இருப்பார், செவிலியாக இருப்பார், சிற்றில் கட்டும் சிறுமியராக இருப்பார். பாட்டுடைத் தலைவனாகிய பிள்ளையோ பேசுவதில்லை. கை கொட்டு என்கிறார்கள். நிலவை வாவென்று அழைக்கிறார்கள். பிள்ளை கேட்டுக்கொண்டே இருக்கிறது. பேச்சுக்கு முன்னர்க் கேள்வி நெடுங்காலம் நடந்தாக வேண்டும் என்பதைப் புலவர்கள் உணர்ந்தே செய்தார்களா என்பதை நாம் அறியோம். ஆனால் அமைப்பு அவ்வாறுதான் இருக்கிறது.

இஃது எல்லோரும் அறிந்த செய்திதானே என்று தோன்றும். அறிந்ததுதான். ஆயினும் ஒரு வீட்டில் பிள்ளை பேசத் தாமதித்தால், அனைவரும் எட்டிப் பார்ப்பது அதன் நாக்கைத்தான்.

நம் பேத்தி 2021ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் பிறந்தாள். காயல்பட்டினத்து வழக்கப்படி மகள் மணமான பின்னும் நம் வீட்டிலேயே வாழ்கிறாள். மருமகன் சபரில் இருக்கிறார். ஆண்டுக்கு ஒரு முறை விடுப்பில் வந்து செல்வார். ஆகவே பேத்தி வளர்ந்ததெல்லாம் நம் கண் முன்னேதான். உரிய காலத்தில் தவழ்ந்தாள்; ஓராண்டு நிறைந்த சில நாட்களில் நடந்தாள். வேண்டியதை விரலால் சுட்டுவாள். கொடுக்கத் தாமதித்தால் நம் கைலியைப் பிடித்து அலமாரி வரை இழுத்துக்கொண்டு போவாள். கண்ணைப் பார்த்துச் சிரிப்பாள். கதவுக்குப் பின்னால் ஒளிந்து நின்று பயம் காட்டுவாள். சொல் மட்டும் வரவில்லை. இரண்டு வயது நிறைந்தபோது அவளிடம் இருந்தவை மூன்றே சொற்கள். 'உம்மா' ஒன்று, 'வாப்பா' என்று நாமாகப் பொருள் செய்துகொண்ட ஓர் ஒலி மற்றொன்று, பால், பழம், பறவை, பந்து அனைத்துக்கும் பொதுவான 'பா' மூன்றாவது.

வீட்டுக்கு வரும் பெண்மக்கள் ஆறுதல் சொல்வதில் குறை வைக்கவில்லை. சீக்கிரம் நடந்த பிள்ளை தாமதமாகப் பேசும் என்றார் ஒருவர். வாப்பாவின் ஏக்கம் என்றார் மற்றொருவர். கண்ணேறு என்றவர்களும் உண்டு. "அவசரப்படாத மா. உன் பெரியம்மா மவன் மூணரை வயசுலதான் வாயைத் தொறந்தான். இப்ப அவன் வாயை மூடத்தான் ஆள் வைக்கணும்" என்றார் நம் இல்லத்தரசியார். இது முழு உண்மை. நாமே சாட்சி. தாமதமாகத் தொடங்கித் தாமாகவே மற்றவரை எட்டிப் பிடித்துவிடும் பிள்ளைகள் உலகில் நிறையவே இருக்கிறார்கள். இவ்வாறுதலின் இடர்ப்பாடும் இதில்தான் இருக்கிறது. அது பொய்யாக இருந்தால் எளிதில் தள்ளிவிடலாம். பலருக்கு மெய்யாகிவிடுவதால், யாருக்கு மெய்யாகாது என்று முன்கூட்டி அறிய அதனுள் வழியில்லை.

ஆறுதலோடு வைத்தியங்களும் வந்தன. வசம்பைச் சுட்டு இழைத்து நாவில் தடவினால் நாத் தடிப்பு நீங்கும் என்றார்கள். பிள்ளை வளர்ப்பான் என்று பெயரே பெற்ற மருந்து அது. பெயரைச் சொன்னால் மறுக்கத் தயங்குவோம். ஆனால் வசம்பில் உள்ள ஆசரோன் என்னும் வேதிப்பொருள் உடலுக்குத் தீங்கானது என்று கண்டு, அமெரிக்க அரசு 1968ஆம் ஆண்டிலேயே அதனை உணவில் சேர்ப்பதைத் தடை செய்துவிட்டது. மகள் இதனைச் சொல்லி வசம்புத் துண்டை மேல்தட்டில் எடுத்து வைத்துவிட்டாள். நாவின் அடியில் உள்ள சவ்வு ஒட்டியிருக்கிறது, அறுத்துவிட்டால் பேச்சு வந்துவிடும் என்றும் ஒரு பேச்சு எழுந்தது. அச்சவ்வு இறுக்கமாக இருந்தால் பால் குடிப்பது கடினமாகலாம். சில எழுத்துகளின் ஒலிப்பு திருந்தாமல் இருக்கலாம். பேச்சே வராமைக்கு அது காரணமன்று. பேத்தியின் நாவோ எவ்வித ஒட்டுமின்றி, நம்மைப் பழிப்புக் காட்டும் அளவுக்கு நீண்டது.

ஓதி ஊதிய தண்ணீர் கொடுத்தோம்; அதில் நமக்கு மறுப்பில்லை. மூஸா நபி (அலை) அவர்கள் தம் நாவின் முடிச்சு அவிழ வேண்டி இறைவனிடம் இறைஞ்சியதை நம் பிள்ளைகள் மதரஸாவிலேயே மனனம் செய்துவிடுகிறார்கள். அந்த இறைஞ்சுதல் நாவோடு நின்றுவிடவில்லை என்பதைத்தான் பலர் நினைவிற் கொள்வதில்லை. உடன்பிறந்தவரான ஹாரூன் நபி (அலை) அவர்களைத் தமக்குத் துணையாகத் தருமாறும் அவர்கள் கேட்டார்கள். துஆவும் கேட்டார்கள், உதவிக்கு ஆளும் கேட்டார்கள்.

நம் மகள் ஆளைத் தேடத் தொடங்கினாள். முதலில் பார்த்த குழந்தை மருத்துவர் ஒருவர், மூன்று வயது வரை பொறுக்கலாம் என்று கூறி ஒரு சத்து மருந்து எழுதிக் கொடுத்தார். அன்றிரவு அவள் மருந்துச் சீட்டைப் பெட்டியில் வைத்துவிட்டு நம்மிடம் வந்து அமர்ந்தாள். "வாப்பா, பொறுக்கலாம்னா எதைப் பார்த்துப் பொறுக்கறதுன்னு அவங்க சொல்லலையே?" என்றாள். கேள்வி நியாயமாகப் பட்டது.

இரண்டு வயதில் ஐம்பது சொற்கள், இரு சொற்களைச் சேர்த்துப் பேசுதல் என்பது மருத்துவ உலகம் நெடுநாளாகக் கையாண்டு வந்த அளவை. அமெரிக்காவின் நோய்த்தடுப்பு நிறுவனம் 2022ஆம் ஆண்டு தன் பட்டியலைத் திருத்தி, ஐம்பது சொற்களை 30 மாதத்துக்கு மாற்றி வைத்தது. நூற்றுக்கு எழுபத்தைந்து பிள்ளைகளாவது எட்டியிருக்கும் வயதைக் குறித்துவிட்டால், எட்டாத பிள்ளையைக் கண்டு 'பொறுங்கள்' என்று யாரும் சொல்ல மாட்டார்கள் என்பது அவர்கள் தந்த காரணங்களுள் ஒன்று. இரு சொற்களைச் சேர்த்துப் பேசுவது அத்திருத்தத்திலும் இரண்டு வயதிலேயே நின்றது. பழைய கணக்கானாலும் புதிய கணக்கானாலும் மூன்று சொல் போதாது. அதனினும் முக்கியமானது, காரணம் எதுவாயினும், முதலில் செவியைச் சோதித்துவிட்டுத்தான் மற்றதைப் பேச வேண்டும் என்பது. விரலால் சுட்டாத பிள்ளை, பெயர் சொல்லி அழைத்தால் முகம் பாராத பிள்ளை, தன் உலகில் தனித்திருக்கும் பிள்ளை என்றால் ஆட்டிசம் என்னும் மன வளர்ச்சி வேறுபாட்டையும் ஆராய்வார்கள். அங்கும் செவிச் சோதனையே முதற்படி.

"காது நல்லாத்தானே கேக்குது?" என்று வீடு முழுவதும் ஒரே குரல். கைதட்டினால் திரும்புகிறாள். குக்கர் கூவினால் ஓடி வருகிறாள். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் பாங்கு எழுந்தால் விரலை உயர்த்திக் காட்டுகிறாள். இதைவிட என்ன சான்று வேண்டும்? கைதட்டல் என்பது ஓசை மட்டுமன்று, காற்றசைவும் நிழலும் ஆகும் என்றும், பேச்சின் நுண்ணொலிகளோடு குக்கரின் கூவலை ஒப்பிடலாகாது என்றும் மகள் சொன்னாள். உம்மும்மாவுக்கு அது பிடிக்கவில்லை. பெற்ற பிள்ளைக்குக் குறை தேடுகிறாள் என்று வருந்தினார்.

2023ஆம் ஆண்டு மே மாதம், செந்தூர் ரயிலில் ஏறித் திருநெல்வேலிக்குச் சென்றோம். மகள், பேத்தி, நாம். வெயில் கடுமை. பேத்தியை முந்தின இரவு தாமதமாகத் தூங்க வைத்து, விடியுமுன் எழுப்பியிருந்தாள் மகள். சோதனையின்போது அயர்ந்து தூங்க வேண்டும் என்பது அங்கே சொல்லியிருந்த கட்டளை. வழிநெடுக அவளைத் தூங்கவிடாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு நம்முடையது. தாதன்குளம் தாண்டுமுன் நமக்குத்தான் கண் செருகியது.

சோதனைகள் இரண்டு. முதலாவது, செவித்துளையில் சிறு குமிழ் ஒன்றை வைத்து ஓசை அனுப்புவது. நல்ல உட்செவி அவ்வோசைக்கு விடையாகத் தானும் ஒரு மெல்லொலியைத் திருப்பி அனுப்புமாம். காது கேட்கும் உறுப்பு மட்டுமன்று, ஒலிக்கும் உறுப்பும்கூட என்பதை டேவிட் கெம்ப் என்னும் ஆங்கில அறிஞர் 1978ஆம் ஆண்டு கண்டறிந்தார். சில நிமிடங்களில் முடிந்துவிடும் சோதனை. வலி எள்ளளவும் இல்லை. பிறந்த மறுநாள் பிள்ளைக்கும் செய்யலாம். பேத்தியின் செவிகள் இரண்டும் விடை தரவில்லை. இரண்டாவது சோதனைக்குத் தலையில் சிறு தகடுகளை ஒட்டித் தூங்கவிட்டார்கள். ஓசைக்கு நரம்பும் மூளைத்தண்டும் எழுப்பும் மின்னலைகளைத் திரையில் பார்த்தார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. தூங்கும் பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு மகள் அமர்ந்திருந்தாள். நாம் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்தோம். எத்தனை உருட்டினோம் என்பது நினைவில்லை.

இரு செவிகளிலும் ஏறத்தாழ 55 டெசிபல் அளவுக்குக் கேட்புத் திறன் குறைவு என்று செவி வல்லுநரான அப்பெண்மணி கூறினார். அவர் விளக்கிய விதம் நமக்கு இன்றும் மறக்கவில்லை. ஒரு கெஜ தூரத்தில் நாம் பேசும் பேச்சு சுமார் 60 டெசிபல். ஆகவே பேத்திக்குப் பேச்சு எட்டாமலும் இல்லை, முழுதாக எட்டவும் இல்லை. மூடிய கதவுக்கு அப்பால் யாரோ பேசுவது போல எட்டியது. பாங்கும் குக்கரும் அதனினும் மிக உரத்தவை, அவை கேட்டன. பேச்சிலும் எல்லா எழுத்தும் ஒரே உரப்பில் இல்லை. உயிரெழுத்துகளும், ம, ன போன்ற மெல்லொலிகளும் தாழ்ந்த சுருதியில் வலுவாக ஒலிக்கும். ஸ, ஷ, ஃப போன்றவை உயர்ந்த சுருதியில் காற்றாக மெலிந்து போகும். இதைக் கேட்டதும் நமக்கு ஒன்று விளங்கிற்று. 'உம்மா' என்னும் சொல் முழுவதும் வலுவான ஒலிகளால் ஆனது; இதழ்கள் குவிந்து மூடித் திறப்பதைக் கண்ணாலும் காணலாம். பேத்தி அந்தச் சொல்லைப் பாதி காதாலும் பாதி கண்ணாலும் கற்றிருக்கிறாள். வாசலில் வருவோர் சொல்லும் 'ஸலாம்' அவளுக்கு முதலெழுத்து இல்லாமலே வந்து சேர்ந்திருக்கிறது.

பின்னர் அவர் ஒரு கேள்வி கேட்டார். "சொந்தத்திலே கொடுத்தீங்களா, ஐயா?"

கொடுத்தோம். மருமகன் நம் இளைய சகோதரியின் புதல்வர். நமக்கும் முன்னே மூன்று தலைமுறையாக இவ்வாறுதான். ஊரில் இதில் புதுமை ஒன்றுமில்லை. தமிழகத்தில் நடைபெறும் திருமணங்களில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் இரத்த உறவுக்குள்ளேயே நிகழ்கின்றன என்பதைத் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு காட்டுகிறது. இது எந்த ஒரு சமயத்தாருக்கும் தனியுரிமை அன்று. மார்க்கம் இதனை அனுமதித்திருக்கிறது, கட்டாயமாக்கவில்லை. சொத்து சிதறாமை, பெண் கண்காணாத இடத்தில் துன்புறாமை, பழகிய மாமியார் ஆகிய நன்மைகளை நாம் கண்ணாரக் கண்டிருக்கிறோம். மறுபுறத்தில் கணக்கும் இருக்கிறது. இங்கிலாந்தின் பிராட்ஃபோர்ட் நகரில், பாகிஸ்தானிய வழிக் குடும்பங்கள் பலவற்றை உள்ளடக்கி நடந்த பெரிய ஆய்வொன்றின் முடிவு 2013ஆம் ஆண்டு வெளிவந்தது. பிறவிக் குறைபாட்டுக்கான வாய்ப்பு, உறவில் மணந்தோர் பிள்ளைகளுக்கு நூற்றுக்கு மூன்றிலிருந்து ஆறாக உயர்கிறது என்றது அது. இரு மடங்கு என்பது உண்மை. நூற்றில் தொண்ணூற்று நான்கு பிள்ளைகள் நலமாகவே பிறக்கின்றன என்பதும் அதே கணக்கின் உண்மை.

காது கேளாமை மரபில் வரும் வகையை அவர் தாளில் வரைந்து காட்டினார். ஒரு மரபணுவின் பழுதான படி ஒன்று மட்டும் உடையவருக்குக் காது நன்றாகவே கேட்கும். தம்மிடம் அது இருப்பதே அவருக்குத் தெரியாது. அத்தகைய இருவர் மணந்தால், ஒவ்வொரு பேற்றிலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு, பிள்ளைக்கு இரு பழுதான படிகளும் சேர்ந்துவிடும். ஒரே பாட்டனார் வழி வந்தவர்களிடம் ஒரே பழுது இருக்க இடம் அதிகம். இவ்வகைக்குப் பெரும் காரணமான கனெக்சின் 26 என்னும் மரபணுவை 1997ஆம் ஆண்டு கண்டறிந்தார்கள். அதனோடு இன்று நூற்றுக்கும் மேற்பட்டவை அறியப்பட்டுள்ளன. பேத்திக்கு இதுதான் காரணம் என்று அவர் சொல்லவில்லை, இருக்கலாம் என்றார்.

இந்தச் செய்தியை வீட்டில் சொன்ன மாலை எளிதாக இல்லை. சகோதரி வந்திருந்தார். "காக்கா, எங்க வீட்டுப் பக்கம் ஒருத்தருக்கும் காது மந்தம் கிடையாது" என்றார். நம் இல்லத்தரசியார் தம் பக்கத்தைச் சொன்னார். ஒருவர் பக்கமுமன்று, இருவர் பக்கமும் சேர்ந்தால்தான் இது வரும் என்று தாளைக் காட்டி விளக்கினோம். அது யாருக்கும் ஆறுதலாகத் தெரியவில்லை. பழி போட ஓர் ஆள் இருந்தால் சிலருக்குச் சுமை குறைகிறது. சற்று நேரங்கழித்துச் சகோதரி உண்மையான கவலையைச் சொன்னார். அவருக்கு மணவயதில் ஒரு மகள் இருக்கிறாள். குடும்பத்தில் காது கேளாத பிள்ளை என்று ஊரில் பேச்சானால் சம்பந்தம் பேச வருவோர் தயங்குவர். ஆதலால் மிஷினை வீட்டுக்குள் மாட்டட்டும், கலியாண வீட்டுக்கும் விருந்துக்கும் வேண்டாம் என்றார். இதனை அவர் கல்நெஞ்சத்தால் சொல்லவில்லை. கண்கலங்கிச் சொன்னார். நம் ஊர்களில் எத்தனை வீடுகளில் எத்தனை பிள்ளைகளின் குறை, பிறந்த குமர்களின் பொருட்டு மறைக்கப்பட்டு முற்றிப்போயிருக்கிறது என்பதை நாம் அறிவோம்.

மகள் விடை கூறுமுன், சபரிலிருந்து கைபேசியில் பேசிக்கொண்டிருந்த மருமகன் விடை கூறினார். "உம்மா, அவ விழிச்சிருக்கற நேரமெல்லாம் அதைப் போட்டுக்கணும்னு சொல்லியிருக்காங்க. கலியாண வீட்டுலயும் அவ முழிச்சுத்தானே இருப்பா?" சகோதரி அதற்குமேல் பேசவில்லை. பேசாமை சம்மதமாகிவிடாது என்பதை மறுவாரம் ஒரு விருந்தில் கண்டோம். பேத்தியின் காதை முந்தானையால் மூடிய வண்ணமே அவளை மடியில் வைத்திருந்தார்.

விழித்திருக்கும் நேரமெல்லாம் என்று ஏன் வற்புறுத்துகிறார்கள்? பிள்ளை பிறந்த முதல் சில ஆண்டுகளில் மூளை ஒலிகளைப் பகுத்தறியக் கற்றுக்கொள்கிறது. அக்காலத்தில் ஒலி கிடைக்காவிடில் அவ்விடத்தை வேறு புலன்கள் பயன்படுத்திக்கொள்ளத் தொடங்கும். ஆறு மாதத்துக்குள் குறை கண்டறியப்பட்டு உதவி பெற்ற பிள்ளைகள், பின்னர்க் கண்டறியப்பட்டவர்களைவிட மொழியில் வெகுவாக முன்னேறியிருந்ததை 1998ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்று காட்டியது. அதன் பயனாகவே, ஒரு மாதத்துக்குள் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி, ஆறு மாதத்துக்குள் உதவி என்னும் கணக்குப் பல நாடுகளில் வழக்கமாயிற்று. நம் பேத்திக்கு அப்போது 26 மாதம். வல்லுநர் நயமாகப் பேசுகிறவரல்லர். "தாமதம்தான். ஆனா நாப்பது மாசம் ஆகலையே" என்று கூறிவிட்டு, காது அச்சு எடுக்கக் களிம்பைக் குழைக்கத் தொடங்கிவிட்டார்.

கருவி மாட்டிய முதல் வாரத்தைப் பற்றி நீட்டி எழுதத் தோன்றுகிறது. ஏனெனில் நூல்களில் அது இல்லை. மாட்டிய அன்றே பேசிவிடுவாள் என்று எதிர்பார்த்துக் குடும்பமே கூடியிருந்தது. அவளோ அழுதாள். பாத்திரம் விழும் ஓசைக்கு அழுதாள். தன் குரலுக்கே திடுக்கிட்டாள். மறுநாள் ஒன்றைக் கழற்றித் தயிரில் போட்டாள். மூன்றாம் நாள் கோழிக்கூட்டில் தேடிக் கண்டெடுத்தோம். மகள் இரண்டையும் ஒரு நூலால் கோத்துச் சட்டைப் பின்புறம் ஊசி குத்தினாள். ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்று கூட்டிக்கொண்டு போனாள். நம் ஊர் உப்புக்காற்றும் வியர்வையும் கருவிக்கு ஆகாது. இரவில் ஈரம் உறிஞ்சும் மணிகள் இட்ட டப்பாவில் அதை உறங்க வைக்க வேண்டும். பிள்ளையின் காது வளர வளர அச்சும் சிறிதாகிவிடும். தளர்ந்துவிட்டால் கருவி கீச்சிடும், புதிதாக வார்க்க வேண்டும். மின்கலம் தீர்ந்தால் பிள்ளை சொல்லாது. ஆதலால் காலைதோறும் ஒரு சோதனை உண்டு. டேனியல் லிங் என்னும் ஆசிரியர் வகுத்த ஆறு ஒலிகள்: ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ். வாயைக் கையால் மறைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக ஒலிக்க வேண்டும். பிள்ளை கேட்டதும் ஒரு பாசிமணியைக் கிண்ணத்தில் போடும். பேச்சின் தாழ்சுருதி முதல் உயர்சுருதி வரை இந்த ஆறில் அடங்கிவிடுகிறது. தஹஜ்ஜுதுக்குப் பின் உறங்கும் வழக்கமில்லாத நமக்கு இந்தப் பணி ஒதுக்கப்பட்டது. பேத்தி முதல் நான்குக்கும் மணி போட்டாள். பின்னிரண்டுக்கு நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். கருவியின் அளவைத் திருத்தத் திருநெல்வேலிக்கு மும்முறை போய் வந்த பின்னர், ஒரு காலையில் 'ஷ்' என்றதும் கிண்ணத்தில் மணி விழுந்தது.

கருவி ஓசையைத்தான் தரும். சொல்லை வீட்டார்தான் தர வேண்டும். இதில் நம் இல்லத்தரசியார் வல்லவராகிவிட்டார். குறை தேடுகிறாள் என்று மகள்மீது வருந்திய அவரே, அடுப்படியில் பேத்தியை மணையில் உட்கார வைத்துக்கொண்டு, வெங்காயம் உரிப்பது முதல் மீன் கழுவுவது வரை ஒன்றுவிடாமல் சொல்லிக்கொண்டே செய்வார். பயிற்சியாளர் கற்பித்த முறையும் இதுவேதான்: பிள்ளை எதைப் பார்க்கிறதோ அதைப் பற்றிப் பேசு, ஒரு சொல் சொன்னால் இரண்டாக்கித் திருப்பிக் கொடு, கேள்வி கேட்டுத் துளைக்காதே, பேசியபின் சற்றே காத்திரு. பிள்ளைக்கு இங்கிலீஷில் பேசிப் பழக்கினால் பள்ளிக்கு எளிதாகுமே என்று ஒரு யோசனை வந்தது. உங்களுக்குத் தங்கு தடையின்றி வரும் மொழி எதுவோ அதில் பேசுங்கள் என்று பயிற்சியாளர் கூறிவிட்டார். இரண்டு மொழி கேட்பதால் பேச்சுத் தாமதிக்காது. அரைகுறையாகப் பேசும் மொழியைக் கேட்டால்தான் பிள்ளைக்குப் பஞ்சம். நாற்பதாண்டுகளாகத் தமிழ் எழுதிவரும் நமக்கு அந்தத் தீர்ப்பில் சிறு மகிழ்ச்சி ஏற்பட்டதை மறைப்பதற்கில்லை.

கைபேசியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதுதான் காரணம் என்று ஊரில் பாதிப் பேர் முடிவு கட்டியிருந்தனர். கைபேசி பார்ப்பதால் செவி பழுதாகாது. ஆனால் அதன் முன் அமர்ந்த பிள்ளையோடு யாரும் பேசுவதில்லை. ஒரு வயதுப் பிள்ளைக்குத் திரையே வேண்டாம், இரண்டு வயதில் நாளுக்கு ஒரு மணிக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டு வழிகாட்டியது. வாப்பாவோடு முகம் பார்த்துப் பேசும் நேரத்தை நாம் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

செலவு பற்றிக் கேட்டு எழுதுவோர் இருப்பர். 2013ஆம் ஆண்டு தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ், அங்கன்வாடிக்கு வரும் மருத்துவக் குழுவே செவிக் குறையையும் பேச்சுத் தாமதத்தையும் கண்டறிந்து, மாவட்டத்தில் உள்ள ஆரம்பநிலைச் சிகிச்சை மையத்துக்கு அனுப்புகிறது, அங்கே கட்டணமில்லை. செவி அறவே கேளாத பிள்ளைகளுக்கு உட்செவியில் கருவி பொருத்தும் அறுவைச் சிகிச்சை, ஆறு வயதுக்கு உட்பட்டோருக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் செய்யப்படுகிறது. சளியால் நடுச்செவியில் நீர் தங்கியே பல பிள்ளைகளுக்குக் கேட்பு மந்தமாகிறது. அதற்கோ மருந்தும் சிறு சிகிச்சையும் போதும். சென்னையில் 1969ஆம் ஆண்டு தொடங்கிய பால வித்யாலயா, செவித்திறன் குறைந்த சிறு பிள்ளைகளைப் பேசப் பழக்குகிறது. மகப்பேறு முடிந்து வீடு திரும்புமுன் பிள்ளைக்குச் செவிச் சோதனை உண்டா என்று கேட்பதற்கோ செலவே இல்லை.

பேத்திக்கு இப்போது நான்கு வயது கடந்துவிட்டது. மகள் ஒரு நோட்டுப் புத்தகத்தில் அவள் சொற்களை எழுதி வந்தாள். முதல் மூன்று மாதத்தில் பதினொன்று. முந்நூறைத் தாண்டியதும் எழுதுவதை விட்டுவிட்டாள். 'மாட்டேன்' மட்டும் மூன்று இடத்தில் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் புதிதாகச் சொன்னது போலத் தோன்றியதாம். 'ஸ' இன்னும் 'த' ஆகவே வருகிறது. கலியாண வீட்டின் இரைச்சலில் அவளுக்குப் பேச்சு பிடிபடுவதில்லை. எரிச்சலில் கருவியைக் கழற்றிவிடுகிறாள். பள்ளியில் முதல் வரிசையில் உட்கார வைப்பார்களா, எதிரொலிக்கும் தகரக் கூரை வகுப்பா என்பதெல்லாம் இனிப் பார்க்க வேண்டும். அடுத்த பிள்ளைக்கு முன் மரபணுச் சோதனை செய்துகொள்ள மருமகன் விரும்புகிறார், சகோதரி விரும்பவில்லை. அது இன்னும் முடிவாகவில்லை.

சென்ற மாதம் இஷாவுக்குப் பிறகு, முடுக்கு வழியாக ஓர் இளம்பெண் பின்வாசலில் வந்து நின்றாள். இடுப்பில் இருபது மாத ஆண் குழந்தை. வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லவில்லை, லாத்தாவிடம் விலாசம் மட்டும் வாங்கிப்போக வந்தேன் என்றாள். மகள் விலாசத்தை எழுதினாள். முந்தின இரவு பிள்ளையைத் தாமதமாகத் தூங்க வைக்க வேண்டும் என்பதையும் அடியில் எழுதினாள். செவ்வாய்க்கிழமை முதல் ரயில். துணைக்குப் போக ஆளில்லை என்றதனால், சீட்டு நமக்கும் சேர்த்து எடுக்கப்பட்டிருக்கிறது.